தம்புள்ளைச் சந்தியும் காணிக் காகிதமும்

இது நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக வாசியுங்கள்.

தம்புள்ளை என்றால் நம்மில் அநேகருக்குக் கதை 2012 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. மஸ்ஜிதுல் ஹைரியா பள்ளிவாசலின் முன்னால் கூட்டம் திரண்ட நாள். ஜும்ஆ நடக்காமல் போன நாள். அந்த நாளைப் பற்றி ஆத்திரத்தோடும் கண்ணீரோடும் நிறைய எழுதியாயிற்று. அன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு சொல்லைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் எழுதவில்லை. "அனுமதியற்ற கட்டிடம்" என்ற சொல்தான் அது. பல தசாப்தங்களாகத் தொழுகை நடந்த ஓர் இடம் எப்படி ஒரு காலையில் அனுமதியற்றதாக ஆனது? இதற்குப் பதில் தேட 2012 போதாது. கிட்டத்தட்ட 170 வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஊரைப் பார்ப்போம். தம்புள்ளையில் இரண்டு சரித்திரங்கள் இருக்கின்றன. ஒன்று மலையின் சரித்திரம். வலகம்பா மன்னன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குகை விகாரை 2000 வருடப் பழமை உடையது. 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பெருமையில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அது நம் மாவட்டத்தின் பெருமையும்தான். மற்றது மலைக்குக் கீழே இருக்கும் சந்தியின் சரித்திரம். அதை எழுதி வைத்தவர்கள் குறைவு.

கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்த, நாவுல வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதையும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல், கலேவெல வழியாகத் திருகோணமலை போகும் ஏ-6 பாதையும் சந்திக்கிற இடம் தம்புள்ளை. சந்தி இருக்கிற இடத்தில் கடை வரும். கடை வந்தால் தங்க இடம் வரும். தங்குகிறவன் தொழ இடம் தேடுவான், கும்பிட இடம் தேடுவான். தார்ப் பாதைக்கு முன்னரும் இந்த வழியாகத் தவளம் போனது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறும். பாக்கும் மிளகும் இறங்கும். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே "மடிகே பத்த" என்றொரு திணைக்களம் இருந்தது. அதில் நம் முன்னோர் ராஜகாரிய சேவை செய்தார்கள், அந்தச் சேவைக்கு ஈடாகக் காணி அனுபவித்தார்கள். குருநாகல் பக்கம் மடிகே மிதியால என்ற முஸ்லிம் ஊரின் பெயரில் அந்தச் சொல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. லோனா தேவராஜா என்ற சிங்கள வரலாற்றுப் பேராசிரியை இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை விரிவாகச் சொல்கிறார். நமது பள்ளிக்கூட நூலகங்களில் அந்த நூல் இருக்க வேண்டும், பெரும்பாலும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்தக் காணிக்கு ஆதாரம் சேவைதான். மாடு ஓட்டினாய், காணியை அனுபவி. சன்னஸ் பெற்றவர்கள் சிலர். மற்ற எல்லோருக்கும் ஊர் அறிந்த உண்மையே உறுதி. 1833இல் ஆங்கிலேயர் ராஜகாரியத்தை ஒழித்தார்கள். நல்ல காரியம்தான், கட்டாய வேலை போனது. ஆனால் சேவையைச் சொல்லிக் காணியைக் காட்டும் பழைய வழியும் அதோடு தளர்ந்தது.

ஏழு வருடம் கழித்து வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நம் மாவட்டத்துக் காணிக் கதையை ஒரே நாளில் சொல்லித் தரச் சொன்னால் நான் இந்தச் சட்டத்தைத்தான் எடுப்பேன். காடு, தரிசு, குடியிருப்பில்லாத காணி, பயிரிடாத காணி எல்லாம் முடிக்குரியவை. அப்படியல்ல என்றால் நீ நிரூபி. இதுதான் சாரம். கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இருந்தது, எடுத்துக் காட்டலாம். கண்டி நாட்டில் தோம்பு கிடையாது. ஆகவே இங்குள்ள சேனைக் காணிக்குச் சன்னஸ் காட்டு, இல்லாவிட்டால் வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதைக் காட்டு என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி எதைக் காட்டுவான்? அப்போது கோப்பித் தோட்டத்துக்குக் காணி தேவைப்பட்ட காலம். முடிக்குரியதாக்கிய காணியைத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இன்று வேனில் குளிரூட்டி போட்டுக்கொண்டு நாம் போகிற அதே பாதை.

1848இல் கடைக்கு வரி, வண்டிக்கு வரி, துவக்குக்கு வரி, நாய்க்கும் வரி, போதாததற்கு வருடத்தில் ஆறு நாள் பாதை வேலை அல்லது அதற்குப் பதில் பணம் என்று ஆனபோது மாத்தளை கொதித்தது. அந்த ஜூலையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டது தம்புள்ளை விகாரையில்தான். மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினார்கள். வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கிளர்ச்சி அடங்கிய பிறகு நடந்ததைப் பிள்ளைகள் படிப்பதில்லை. 1856இல் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கண்டி மாகாணங்களின் விகாரைக் காணிகளை அளந்து பதிவு செய்தார்கள். விகாரைகளுக்குக் காகிதம் கிடைத்தது. அதில் தவறொன்றுமில்லை, அவற்றுக்கு உரிமை இருந்தது. ஆனால் மலையடிவாரச் சந்தியில் கொட்டில் போட்டு இருந்தவர்களுக்கு, அவர்கள் சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, அப்படியொரு பதிவு நடக்கவே இல்லை.

அதற்குப் பின் நூறு வருடம் தம்புள்ளை பெரிதாக வளரவில்லை. ரயில் 1880இல் மாத்தளைக்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. இன்றைக்கும் நிற்கிறது. வடக்கே மலேரியா. 1934–35 கொள்ளைநோய் நாட்டை வாட்டி எடுத்தது. 1946இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் மக்கள் துணிந்து குடியேறினார்கள். குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1976இல் பொல்கொல்லயில் மகாவலியைத் திருப்பி, சுரங்கம் வழியாக உக்குவளைக்கும் சுது கங்கைக்கும், அங்கிருந்து போவதென்ன வழியாகக் கலாவெவப் பக்கமும் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வந்தது, பெரிய வெங்காயம் வந்தது, லொறி வந்தது. 1999இல் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. நாட்டின் மரக்கறி விலை விடியற்காலையில் தம்புள்ளையில் தீர்மானமாகும் நிலை வந்தது. 2001 மார்ச்சில் ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி நடந்தது. அந்த மைதானம் அமைந்த 60 ஏக்கர் விகாரையிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காகிதம் கையில் இருப்பவன் குத்தகைக்கும் கொடுக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படிச் சந்தை தன்பாட்டில் நகரமாகிக்கொண்டிருந்தபோது திட்டமிடல் இன்னொரு பாதையால் வந்துகொண்டிருந்தது.

பட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் 1914–15 காலத்தில் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். மதுரை, தஞ்சாவூர் எல்லாம் அதில் அடக்கம். 1921இல் கொழும்புக்கும் ஓர் அறிக்கை தந்தார். வைத்தியன் நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதலாமா என்பதுதான் அவர் வாதம். முதலில் ஊரை நடந்து பார், யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள், பிறகு எவ்வளவு குறைவாக இடிக்கலாமோ அவ்வளவு குறைவாக இடி. நல்ல புத்தி. நம் நாட்டில் அவர் பெயர் நிலைத்த அளவுக்கு அவர் புத்தி நிலைக்கவில்லை.

1946இல் நகர, கிராம திட்டமிடல் சட்டம் வந்தது, இலக்கம் 13. புனித பூமித் திட்டங்களை வகுக்கும் பொறுப்பு இந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் திணைக்களத்திடம்தான் இருக்கிறது. இன்று அதற்குத் தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் என்று பெயர். முதலாவது பெரிய பரிசோதனை அநுராதபுரம். இடிபாடுகளுக்கு நடுவே ஆங்கிலேயர் காலத்தில் கச்சேரி, கடைத்தெரு, இறைச்சிக்கடை, தேவாலயம் எல்லாம் முளைத்திருந்தன. 1903இல் அதனாலேயே கலவரம் நடந்தது. 1940களில் ஒலிவர் வீரசிங்க என்ற நமது நாட்டுத் திட்டமிடலாளர் தீர்வு வரைந்தார்: பழைய இடம் தொல்பொருளுக்கும் வழிபாட்டுக்கும், மக்களுக்கு மல்வத்து ஓயாவுக்குக் கிழக்கே புது நகரம். 1950, 60களில் பழைய நகரத்துக் கடைக்காரர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் நிறைய. நாலு தலைமுறை வியாபாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போவது லேசான காரியமல்ல, அந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. போகச் சொல்லும்போதே போகிற இடம் வரைபடத்தில் இருந்தது.

கதிர்காமத்தில் வேறு மாதிரி. அங்கும் புனித பூமித் திட்டம் வந்தது, கடைகளும் விடுதிகளும் மாணிக்க கங்கைக்கு மறுபக்கம் ஒதுக்கப்பட்டன. ஆனால் புனித பூமியின் உள்ளேயே பள்ளிவாசல் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் எசல காலத்தில் அங்கே கொடியேறுகிறது, பக்கீர் பாவாக்கள் றாத்திபு ஓதுகிறார்கள். கண்டியைப் பாருங்கள். 1988இல் "புனித நகரம்" என்ற பெயரோடு உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போன ஊர். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களும் சென் போல்ஸ் கிறிஸ்தவ தேவாலயமும் இருக்கின்றன. ஆகவே புனித பூமி என்றாலே மற்றவன் வெளியே போக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. கோடு எங்கே விழுகிறது, அதை வரைகிறவர் கோட்டுக்குள் யாரைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

1978இல் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அமைச்சர் ஒரு பிரதேசத்தை அபிவிருத்திப் பிரதேசமென்று வர்த்தமானியில் பிரகடனப்படுத்தினால், அதற்குப் பிறகு அங்கே சுவர் எழுப்பவும் அனுமதி வேண்டும். 2010இல் இந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. 2015 வரை நகரத் திட்டமிடலும் நாட்டின் பாதுகாப்பும் ஒரே கூரையின் கீழ். நடைபாதைகள் அழகாயின, நகரங்கள் சுத்தமாயின, அதை மறுக்க முடியாது. ஆனால் சீருடைக்குப் பக்கத்திலிருந்து வருகிற கடிதத்துக்கு எதிராக மனுக் கொடுக்க எத்தனை சிறுகடைக்காரருக்குத் துணிவு வரும்?

2012 ஏப்ரலில் தம்புள்ளையில் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. 20ஆம் திகதி இனாமலுவே சுமங்கல தேரர் தலைமையில் ஆர்ப்பாட்டம். இரண்டே நாளில் அப்போதைய பிரதமர் டி.எம். ஜயரத்ன பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிட்டதாக அறிவிப்பு. பள்ளி சுமார் 50 வருடமாக இருக்கிறது என்று நம்மவர்கள் சொன்னார்கள். புனித பூமியில் அனுமதியில்லாமல் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அடுத்த வருடம் பள்ளியைச் சுற்றியிருந்த குடும்பங்களும் வெளியேறச் சொல்லப்பட்டன. 2013 ஒக்டோபரில் அதே புனித பூமிக் காரணத்தோடு பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. இதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள், சிலர் அறியவேயில்லை. பள்ளிக்காக மாநிலம் கடந்து, கடல் கடந்து குரல் எழும்பியது. கோயிலுக்காக அந்தளவு எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் இழப்பை நாம் பேசாவிட்டால் நம் இழப்பை அவன் ஏன் பேச வேண்டும்? பள்ளிக்கு மாற்றுக் காணி என்ற பேச்சு அதன் பிறகும் வருடக்கணக்கில் இழுபட்டது.

இப்போது சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நான் சட்டத்தரணி அல்ல, படித்ததைச் சொல்கிறேன். உங்கள் விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

"50 வருடமாக இருக்கிறோம்" என்பதுதான் நாம் எப்போதும் வைக்கும் வாதம். மனித நியாயத்தில் அது பலமானது. சட்டத்தில் அது எப்போதும் பலமல்ல. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டப்படி தனியார் காணியைப் பத்து வருடம் தடையின்றி, சொந்தக்காரனுக்கு எதிரான உரிமையோடு ஆண்டிருந்தால் உரித்துக் கோரலாம். அரச காணிக்கு எதிராக அது செல்லாது. 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை ஆதனச் சட்டப்படி விகாரைக் காணிக்கு எதிராகவும் காலம் ஓடாது. ஆகவே நாம் இருப்பது யாருடைய காணி என்று தெரியாமல் வருடத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் குறைவு. பள்ளிவாசல் பதிவு என்று இன்னொன்று சொல்வோம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிந்தால் அது பள்ளிவாசல் என்பதற்கு அத்தாட்சி. காணி யாருடையது என்பதற்கு அது உறுதியாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிற நிருவாக சபைகளை நான் கண்டிருக்கிறேன்.

சரி, உறுதி இருந்தால் எல்லாம் காப்பாற்றப்படுமா? அதுவுமில்லை. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி பொதுத் தேவைக்காக அரசாங்கம் யாருடைய காணியையும் எடுக்கலாம். ஆனால் அறிவித்தல் தர வேண்டும், ஆட்சேபனை கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். உறுதி உள்ளவன் நட்டஈட்டைக் கேட்டு வாதாடுகிறான். உறுதி இல்லாதவன் கருணையைக் கேட்டு நிற்கிறான். 1840இலும் வித்தியாசம் இதுதான்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மினாராவை உயர்த்த ஒரே வாரத்தில் காசு சேர்ப்போம். அளவைப் படம் எடுக்க நில அளவையாளருக்குக் கொடுக்கக் காசில்லை என்போம். மேல்மாடி கட்டிய பிறகு அனுமதி கேட்போம். பழைய உறுதி முன்னாள் தலைவரின் வீட்டு அலுமாரியில் இருக்கும். அவர் வபாத்தானதும் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விடுவார்கள், அலுமாரியும் போய்விடும். பிரதேச செயலகத்திலோ மாநகர சபையிலோ வரைவு அபிவிருத்தித் திட்டம் பார்வைக்கு வைத்திருக்கிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஜும்ஆ முடிந்து மிம்பருக்குப் பக்கத்தில் அதை ஒருவர் வாசித்துச் சொன்னால் ஐந்து நிமிடம் போதாதா? கால எல்லை முடிந்த பிறகு முகநூலில் கொந்தளிப்பதற்கு மட்டும் நமக்கு நேரம் தாராளம். நானும் இப்போது முகநூலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சிரிக்காதீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மூலத் திட்டத்தின்படி குருநாகலுக்கு அடுத்த இலக்கு தம்புள்ளை. அது எப்போது வந்தாலும் கலேவெலயிலிருந்து தம்புள்ளை வரை காணி விலை, வீதி எல்லை, வலயம் எல்லாம் மாறும். தோட்டம் வைத்திருப்பவன், அனுமதிப்பத்திரக் காணியில் மூன்று தலைமுறையாக இருப்பவன், பாதையோரம் தேநீர்க்கடை வைத்திருப்பவன் எல்லோர் முன்னாலும் ஒரு வரைபடம் விரிக்கப்படும். சிங்களக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தின் அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவர்களில் பெரும்பான்மை அவர்கள். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயியும் அந்தக் காணியில்தான் வெங்காயம் போடுகிறான். இதை முஸ்லிம் பிரச்சினையாக மட்டும் நாம் பேசினால் பாதி ஆதரவை நாமே தள்ளிவிடுகிறோம்.

போன தவணை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் வரைபடம் வரையச் சொன்னேன். கடை, பள்ளி, விகாரை, கோயில், கிணறு, ஆலமரம், முச்சக்கரவண்டித் தரிப்பிடம் எல்லாம் போட்டிருந்தார்கள். அரசாங்க வரைபடத்தில் இல்லாத மையவாடிப் பாதை ஒன்று நாலு பிள்ளைகளின் வரைபடத்தில் இருந்தது. இந்த மாதிரி வரைபடத்தை ஒவ்வொரு ஊரும் பெரியவர்களை வைத்து வரைந்து, திகதி போட்டு, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். செலவு ஒரு பிரிஸ்டல் போர்ட்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தம்புள்ளை, கலேவெல, நாவுல, நாலந்த, மாத்தளைப் பக்கத்து ஜமாஅத்தார் வீடுகளில் 1980க்கு முந்திய புகைப்படங்கள், கடைப் பெயர்ப்பலகை தெரிகிற கல்யாணப் படமென்றாலும் பரவாயில்லை, பழைய வரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், தவளம் ஓட்டிய வாப்பப்பாக்களின் கதை தெரிந்த மூத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு அறியத் தாருங்கள். விடுமுறையில் நானும் மாணவர்களும் வந்து ஸ்கேன் செய்து, மூலத்தை அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். தமிழ், சிங்களச் சகோதரர்களிடம் இருப்பதும் வேண்டும், அவர்களுக்கும் சொல்லுங்கள். காணி உறுதியின் படத்தை மட்டும் தயவுசெய்து கமென்டில் போட வேண்டாம், உள்பெட்டியில் பேசுவோம்.